டிஎல்சி பூச்சு: முதல் படலம் உரியாமல் நிற்க

நான் முதன்முதலில் போட்ட டிஎல்சி (வைரம் போன்ற கார்பன்) பூச்சு, வெற்றிட சேம்பரைத் திறந்தபோது கண்ணாடி மாதிரி பளபளவென்று கறுப்பாக இருந்தது. பூசிய எஃகு வட்டை மேசையில் வைத்துவிட்டு நோட்டில் அளவுகளை எழுதிக்கொண்டிருந்தேன். பத்து நிமிடத்துக்குள் வட்டின் ஓரத்திலிருந்து மண்புழு நெளிந்த தடம் போலக் கோடுகள் கிளம்பின. சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தபோது பாதிப் படலம் கறுப்புத் தூளாகக் கிடந்தது. கடினத்தன்மை கூட வேண்டும், தடிமனும் கூட வேண்டும் என்று இரண்டையும் ஒரே நாளில் ஏற்றியிருந்தேன். அதுதான் காரணம் என்று புரிந்துகொள்ள எனக்கு மாதக்கணக்கில் ஆனது.

ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் கடினத்தன்மையைப் பற்றி முதலில் கேட்பது, "எத்தனை ஜிகாபாஸ்கல் வரும்?" என்பதுதான். அதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஒட்டி நிற்குமா? கீழே எழுதியிருப்பது அந்த வரிசையில்தான் போகிறது. தாங்கி உருளைகளுக்குப் பயன்படும் இஎன்31 எஃகின் மேல், அசெட்டிலீன் வாயுவையும் ஆர்எஃப் பிளாஸ்மாவையும் (ரேடியோ அலைவரிசை மின்சாரத்தால் அயனியாக்கிய வாயு) கொண்டு ஒரு மைக்ரான் தடிமனில் பூச்சு போடுவதை எடுத்துக்கொள்கிறேன். தொடங்குவதற்கு இதைவிட நல்ல பாதை எனக்குத் தெரியவில்லை.

எதைப் போடப் போகிறோம்

வைரத்தில் ஒவ்வொரு கார்பன் அணுவும் நான்கு அணுக்களைப் பிடித்திருக்கிறது. இது எஸ்பி3 பிணைப்பு. கிராஃபைட்டில் மூன்றைத்தான் பிடிக்கிறது, இது எஸ்பி2. இரண்டும் ஒழுங்கில்லாமல் கலந்து கிடப்பதுதான் படிக அமைப்பில்லாத கார்பன். 1971இல் ஐசன்பெர்க்கும் சாபோவும் அயனிக் கற்றையால் இப்படியொரு படலத்தை உருவாக்கினார்கள். அதன் குணங்கள் வைரத்தை ஒத்திருந்ததால் 'வைரம் போன்ற கார்பன்' என்ற பெயர் வந்தது. சுருக்கமாக டிஎல்சி.

பெயர் ஒன்றுதான், உள்ளே இருப்பது ஒரு குடும்பம். அசெட்டிலீன், மீத்தேன் போன்ற வாயுக்களிலிருந்து வருவதில் ஹைட்ரஜன் கலந்திருக்கும். கடினமான வகையில் அது 20 முதல் 40 அணு விழுக்காடு வரை இருக்கும். கடினத்தன்மை 10 முதல் 25 ஜிகாபாஸ்கல். கிராஃபைட் இலக்கிலிருந்து வெற்றிடத்தில் மின்வில் மூலம் எடுக்கும் ஹைட்ரஜன் இல்லாத வகை 40, 60, சில சமயம் 80 ஜிகாபாஸ்கல் வரை போகும். இரண்டாவதைப் பார்த்து ஆசைப்பட வேண்டாம். அதன் உள்தகைவு, அதாவது படலத்துக்குள்ளேயே தேங்கி நிற்கும் இறுக்கம், 10 ஜிகாபாஸ்கலை எட்டக்கூடியது. முதல் ஆண்டில் அதோடு மல்லுக்கட்டுவது வீண் வேலை.

உள்தகைவு ஏன் வருகிறது என்பதை இங்கேயே புரிந்துகொள்ளுங்கள். மீதி எல்லாம் இதிலிருந்துதான் வருகிறது. பிளாஸ்மாவிலிருந்து வேகமாக வரும் அயனி மேற்பரப்பில் அமைதியாக உட்காருவதில்லை. தோலைக் கிழித்து ஓரிரு அணு அடுக்குக்குக் கீழே நுழைந்து, ஏற்கெனவே இருப்பவர்களுக்கு நடுவில் இடம் பிடிக்கிறது. நெரிசலான பேருந்தில் இன்னும் நாலு பேர் ஏறுவது போல. அந்த நெரிசலில் அடர்த்தி கூடுகிறது, எஸ்பி3 பிணைப்பு உருவாகிறது, கடினத்தன்மை வருகிறது. அதே நெரிசல்தான் படலத்தைப் பக்கவாட்டில் விரியத் தூண்டுகிறது. ஒரு கார்பன் அணுவுக்குச் சுமார் 100 எலக்ட்ரான் வோல்ட் ஆற்றல் இருக்கும்போது இது உச்சத்தில் இருக்கும். கடினத்தன்மையும் அமுக்கத் தகைவும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்றை மட்டும் தனியாகக் கூட்ட முடியாது.

எஃகைத் தயார் செய்வது

இஎன்31இல் சுமார் ஒரு விழுக்காடு கார்பனும் ஒன்றரை விழுக்காட்டை ஒட்டிக் குரோமியமும் இருக்கும். கடினப்படுத்தினால் ராக்வெல் கடினத்தன்மை சி அளவுகோலில் 60 வரும். மென்மையான எஃகின் மேல் கடினமான படலம் போடுவது மெத்தை மேல் கண்ணாடித் தட்டு வைப்பதற்குச் சமம். சுமை விழுந்தால் கீழே எஃகு அமுங்கும், மேலே படலம் உடையும். ஹீட் ட்ரீட்மென்ட் செய்த இடத்தில் டெம்பரிங் (கடினப்படுத்திய பிறகு மிதமாக மறுபடி சூடாக்குவது) வெப்பநிலை என்ன என்று கேட்டு எழுதி வாங்குங்கள். பெரும்பாலும் 150 முதல் 200 டிகிரி வரை இருக்கும். சேம்பருக்குள் அதைத் தாண்டினால் எஃகு கடினத்தை இழந்துவிடும். அப்புறம் பூச்சைக் குறை சொல்லிப் பயனில்லை.

25 மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டுகள் போதும். எமரி தாளில் படிப்படியாக 1200 வரை போய், கடைசியில் ஒரு மைக்ரான் டயமண்ட் பேஸ்டில் முடியுங்கள். ஒவ்வொரு தாளுக்கும் வட்டை 90 டிகிரி திருப்பி, முந்தைய கீறல் முழுதும் மறையும்வரை தேய்க்க வேண்டும். இதில் அவசரப்பட்டால் மைக்ராஸ்கோப் பிறகு காட்டிக்கொடுக்கும்.

சுத்தம் செய்வதில் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். சோப்புக் கரைசல், காய்ச்சி வடித்த நீர், அசிட்டோன், ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் என்ற வரிசையில் அல்ட்ராசானிக் தொட்டியில் பத்து பத்து நிமிடம். அசிட்டோனிலிருந்து எடுத்ததைக் காயவிடாதீர்கள். காய்ந்தால் கறை நிற்கும். ஈரம் இருக்கும்போதே ஆல்கஹாலில் போடுங்கள். கடைசியாக நைட்ரஜன் ஊதி உலர்த்துங்கள். கம்ப்ரஸர் காற்றில் எண்ணெய் கலந்திருக்கும், அதை ஊதினால் இத்தனை நேரம் செய்த வேலை போச்சு. இதற்குப் பிறகு வெறும் விரல் படக் கூடாது.

ஒவ்வொரு ரன்னிலும் எஃகு வட்டுக்குப் பக்கத்தில் ஒரு சிலிக்கான் துண்டு வையுங்கள். 40 மில்லிமீட்டர் நீளம், 5 மில்லிமீட்டர் அகலம். தடிமன், உள்தகைவு, ராமன் அளவீடு (லேசர் ஒளிச் சிதறலிலிருந்து பிணைப்புகளை அறிவது) மூன்றுக்கும் அதுதான் சாட்சி. அதன் வளைவைப் பூச்சுக்கு முன்பே ஒருமுறை அளந்து குறித்து வையுங்கள். இதை மறந்தால் அந்த ரன்னின் தகைவு உங்களுக்குக் கிடைக்கவே கிடைக்காது.

வாயு இணைப்பு

இதை மட்டும் யாரும் சுருக்கிச் செய்யக் கூடாது. அசெட்டிலீன் குழாயில் செம்பு எங்கேயும் இருக்கக் கூடாது, வெள்ளியும் கூடாது. இரண்டோடும் சேர்ந்து அசெட்டிலைடு உண்டாகும். அது லேசாகத் தட்டினாலே வெடிக்கும். துருப்பிடிக்காத எஃகுக் குழாய் போடுங்கள். ரெகுலேட்டரில் வெளி அழுத்தம் 1 பாருக்கு மேல் போக வேண்டிய தேவையே இல்லை, 1.5 பாருக்கு மேல் அந்த வாயு தானாகவே சிதையக்கூடியது. தீ குழாய் வழியே திரும்பி வராமல் தடுக்கும் ஃப்ளாஷ்பேக் அரெஸ்டர் கட்டாயம். ரோட்டரி பம்பின் வெளிப்போக்குக் குழாய் கட்டடத்துக்கு வெளியே போகிறதா என்று கண்ணால் பாருங்கள்.

சிலிண்டருக்குள் அசெட்டிலீன் தனியாக இருப்பதில்லை, அசிட்டோனில் கரைந்து இருக்கிறது. அதனால் சிலிண்டரை நிமிர்த்தித்தான் வைக்க வேண்டும். தீரும் நிலையில் அசிட்டோன் ஆவியும் கூடவே வரும். அதிலுள்ள ஆக்சிஜன் படலத்துக்குள் போகும். சிலிண்டர் முழுதும் தீரட்டும் என்று காத்திருக்காமல் கொஞ்சம் மீதம் இருக்கும்போதே மாற்றிவிடுவது நல்லது. ஒரே அளவுகளில் போட்ட படலம் திடீரென்று வேறு மாதிரி வந்தால் நான் முதலில் பார்ப்பது சிலிண்டர் கேஜைத்தான்.

சேம்பருக்குள்

பம்ப் செய்து 10⁻³ பாஸ்கலுக்குக் கீழே கொண்டுவாருங்கள். வந்ததும் வால்வை மூடி, ஐந்து நிமிடத்தில் அழுத்தம் எவ்வளவு ஏறுகிறது என்று பாருங்கள். ஏற்றம் வேகம் குறையாமல் போய்க்கொண்டே இருந்தால் கசிவு. ஏறி மெல்ல நிதானித்தால் சுவரிலிருந்து விடுபடும் ஈரம். இன்னும் கொஞ்ச நேரம் பம்ப் ஓடட்டும்.

அடுத்தது ஆர்கான் பிளாஸ்மா. எஃகின் மேலுள்ள ஆக்சைடை அயனிகள் அடித்துப் பெயர்க்க வேண்டும். மைனஸ் 500 வோல்ட் பயஸில் (அயனிகளை வட்டை நோக்கி இழுக்கும் மின்னழுத்தம்) 20 முதல் 30 நிமிடம். இது முடிந்ததும் ஒரு நொடிகூட இடைவெளி விடாமல் எஃகுக்கும் கார்பனுக்கும் நடுவில் வரும் இடைப்படலத்துக்குப் போய்விட வேண்டும். பிளாஸ்மாவை அணைத்துவிட்டு டீ குடித்து வந்தால், சேம்பரில் மிச்சமிருக்கும் ஈரம் புது எஃகின் மேல் மறுபடி ஆக்சைடை உட்கார வைத்துவிடும்.

இடைப்படலம் ஏன் தேவை? கார்பன் நேரடியாக இரும்பின் மேல் நன்றாக ஒட்டாது. இரும்பு கார்பனைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும், கிராஃபைட் உருவாகவும் துணைபோகும். குரோமியம் இரும்போடும் ஒத்துப்போகும், கார்பனோடு கார்பைடாகவும் இணையும். ஸ்பட்டரிங் (அயனிகளால் உலோகத்தை அடித்துப் பெயர்த்துப் படியவைப்பது) வசதி இருந்தால் 200, 300 நானோமீட்டர் குரோமியம் போட்டு, கடைசியில் அசெட்டிலீனைத் துளித்துளியாக நுழைத்துக்கொண்டே குரோமியத்தைக் குறையுங்கள். எல்லை ஒரே கோடாக இல்லாமல் கரைந்து போக வேண்டும். ஸ்பட்டரிங் இல்லாத சேம்பராக இருந்தால், ஹெக்ஸாமெத்தில்டைசிலாக்ஸேன் ஆவியிலிருந்து சிலிக்கான் கலந்த கார்பன் அடுக்கு ஒன்றைப் போடலாம். அதுவும் நன்றாகவே பிடித்துக்கொள்ளும்.

இப்போது பூச்சு. வட்டு இருக்கும், 13.56 மெகாஹெர்ட்ஸ் ஆர்எஃப் கொடுக்கும் மின்முனை, சேம்பர் சுவரைவிடப் பரப்பில் சிறியது. அதனால் அது தானாகவே எதிர் மின்னழுத்தம் எடுத்துக்கொள்ளும். அயனிகளை இழுத்து அடிக்க வைப்பது இந்தப் பயஸ்தான். நோட்டில் எழுத வேண்டியதும் இதுதான், வாட் அளவு இரண்டாம் பட்சம். இரண்டு ஆய்வகங்களில் ஒரே வாட் கொடுத்தாலும் மின்முனையின் அளவு மாறினால் பயஸ் மாறிவிடும்.

100 வோல்ட்டுக்குக் கீழே என்றால் ஹைட்ரஜன் நிறைந்த, மஞ்சள் சாயலுள்ள, பிளாஸ்டிக் போன்ற மென்படலம் வரும். பயஸை மிகவும் ஏற்றினால் சூடேறி, எஸ்பி2 பெருகி, கிராஃபைட் பக்கம் சாயும். கடினமான படலம் நடுவில் இருக்கிறது. அசெட்டிலீன் அயனியில் இரண்டு கார்பன்கள் ஆற்றலைப் பங்கிட்டுக்கொள்கின்றன; வழியில் வாயு மூலக்கூறுகளோடு மோதியும் கொஞ்சம் இழக்கின்றன. அதனால் அணுவுக்கு 100 எலக்ட்ரான் வோல்ட் வேண்டுமென்றால் பயஸை அதைவிடப் பல மடங்கு வைக்க வேண்டியிருக்கும். சில பாஸ்கல் அழுத்தத்தில் 300, 400, 500 வோல்ட் என்று மூன்று ரன் போட்டுப் பாருங்கள். உங்கள் சேம்பரின் உச்சம் எங்கே என்று அது சொல்லிவிடும்.

முதல் நாளே ஒரு மைக்ரான் போடாதீர்கள். சிலிக்கான் துண்டில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு, பதினைந்து நிமிடம் மட்டும் பூச்சு போட்டு, பிறகு அசிட்டோனில் அந்தக் கோட்டைக் கழுவுங்கள். மேலிருந்த படலமும் சேர்ந்து வந்துவிடும். படியின் உயரத்தை ப்ரொஃபைலோமீட்டரில் (மேற்பரப்பின் மேடுபள்ளம் அளக்கும் கருவி) அளந்தால் வளர்ச்சி வேகம் கிடைக்கும். அதன் பிறகு 0.3, 0.6, 1 மைக்ரான் என்று ஏறுங்கள்.

முடிந்ததும் வெற்றிடத்திலேயே ஆறவிட்டு, உலர்ந்த நைட்ரஜன் கொடுத்துத் திறக்க வேண்டும். சென்னை மாதிரி ஊரில் ஜன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு சேம்பரைத் திறப்பது என்னைப் பொறுத்தவரை தப்பு. ஈரக் காற்றிலுள்ள நீர் மூலக்கூறு விரிசல் முனையில் புகுந்து பிணைப்பை அறுக்கிறது. சரியாக இருந்த படலம் வெளியே எடுத்த பிறகு உரிவதற்கு இதுதான் காரணம். ஒரு நாள் முழுக்க வைத்துப் பார்த்த பிறகே நின்றது என்று சொல்லுங்கள்.

உள்தகைவை அளப்பது

அப்பளம் காயும்போது ஒரு பக்கம் சுருங்கி ஓரம் தூக்குமே, இங்கே அதற்கு நேர்மாறு. படலம் விரியப் பார்க்கிறது, சிலிக்கான் தடுக்கிறது, படலப் பக்கம் மேடாக வளைகிறது. அந்த வளைவு ஆரத்திலிருந்து தகைவைக் கணக்கிடுவது ஸ்டோனி சூத்திரம். சிலிக்கானின் ஈரச்சுக் குணகத்தை (இரு திசையிலும் ஒருசேர இழுக்கும்போது காட்டும் விறைப்பு) அதன் தடிமனின் வர்க்கத்தால் பெருக்கி, படலத் தடிமன், வளைவு ஆரம், 6 ஆகியவற்றின் பெருக்கலால் வகுக்க வேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 மைக்ரான் தடிமனுள்ள சிலிக்கான். அதன் (100) படிகத் தளத்துக்கு ஈரச்சுக் குணகம் 180 ஜிகாபாஸ்கல். படலம் 0.5 மைக்ரான், தகைவு 2 ஜிகாபாஸ்கல் என்றால் வளைவு ஆரம் 7.5 மீட்டர். 40 மில்லிமீட்டர் துண்டின் நடுப்பகுதி சுமார் 27 மைக்ரான் மேடாகும். கண்ணுக்குத் தெரியாது, ப்ரொஃபைலோமீட்டருக்குத் தாராளமாகத் தெரியும்.

இந்த எண் ஏன் இவ்வளவு முக்கியம்? படலத்தின் ஒவ்வொரு சதுர மீட்டரிலும் தேங்கிக் கிடக்கும் ஆற்றல், தகைவின் வர்க்கத்தையும் தடிமனையும் பொறுத்தது. 2 ஜிகாபாஸ்கல், 1 மைக்ரான், யங் குணகம் 200 ஜிகாபாஸ்கல், பாய்சான் விகிதம் 0.2 என்று வைத்தால் சதுர மீட்டருக்கு 16 ஜூல். இடைமுகத்தின் பிடிப்பு ஆற்றல் இதைவிடக் குறைவென்றால், யாரும் தொடாமலே உரிவதற்குத் தேவையான ஆற்றல் உள்ளேயே தயாராக இருக்கிறது. தடிமனை இரட்டிப்பாக்கினால் ஆற்றலும் இரட்டிப்பு. தகைவை இரட்டிப்பாக்கினால் நான்கு மடங்கு. என் முதல் வட்டில் நான் இரண்டையும் ஏற்றியிருந்தேன்.

தகைவு அதிகமாக இருந்தால் பயஸைக் கொஞ்சம் இறக்குங்கள். அல்லது உயர் பயஸ், தாழ் பயஸ் என்று மாற்றி மாற்றிப் போட்டு அடுக்கடுக்காக வளருங்கள். சிலிக்கான் சேர்ப்பதும் தகைவைக் குறைக்கும். ஹைட்ரஜன் இல்லாத வகையை வெற்றிடத்தில் 600 டிகிரிக்குச் சூடாக்கித் தகைவை ஏறக்குறைய முழுதும் போக்கும் முறை ஒன்று உண்டு. நம் வகைக்கு அது சரிப்படாது. 300, 400 டிகிரியிலேயே ஹைட்ரஜன் கிளம்பிப் படலம் கிராஃபைட்டாக மாறத் தொடங்கிவிடும். எஃகும் கெட்டுவிடும்.

ஒட்டுதல்

எல்லா ஆய்வகத்திலும் இருக்கிற ராக்வெல் கருவியே போதும். சி அளவுகோல், 150 கிலோ சுமை, ஒரு குழி. சுற்றியுள்ள பகுதியை மைக்ராஸ்கோப்பில் 100 மடங்கில் பாருங்கள். எச்எஃப்1 முதல் எச்எஃப்6 வரை தரம் பிரிக்கும் படங்கள் உண்டு. ஆரம் போல நீளும் நுண்விரிசல்கள் மட்டும் என்றால் நல்லது. குழியைச் சுற்றி வளையமாகப் படலம் பெயர்ந்திருந்தால் அது 5 அல்லது 6, தேறாது.

பெயர்ந்திருந்தால் வட்டைக் குப்பையில் போடாதீர்கள். பெயர்ந்த இடத்தில் அடியில் என்ன தெரிகிறது என்று பாருங்கள். பளிச்சென்ற எஃகு தெரிந்தால் சுத்தத்திலோ ஆர்கான் கட்டத்திலோ குறை. குரோமியம் அப்படியே நின்று மேலே கார்பன் மட்டும் போயிருந்தால் கலப்பு அடுக்கு சரியாக வரவில்லை. கார்பனே தனக்குள் உடைந்து, கீழ்ப்பகுதி கறுப்பாக நின்றால் தகைவுதான் பிரச்சினை. எந்தக் கட்டத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று உரிந்த வட்டே சொல்லிவிடுகிறது. எனக்கு இதை யாராவது முதல் மாதத்திலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று பலமுறை நினைத்திருக்கிறேன்.

கீறல் சோதனைக் கருவி இருந்தால், 200 மைக்ரான் ஆரமுள்ள வைர முனையைச் சுமை ஏற்றிக்கொண்டே இழுத்து, முதல் விரிசல் வரும் சுமையையும் முதல் பெயர்ப்பு வரும் சுமையையும் தனித்தனியே குறியுங்கள். ஒலி சமிக்ஞையை மட்டும் நம்பாமல் தடத்தைக் கண்ணால் பாருங்கள்.

கடினத்தன்மை

சாதாரண விக்கர்ஸ் கருவியால் இதை அளக்க முயல வேண்டாம். 25 கிராம் சுமையில், 2000 விக்கர்ஸ் கடினமுள்ள பொருளில்கூட முனை 0.7 மைக்ரான் ஆழம் இறங்கும். நம் படலமே ஒரு மைக்ரான்தான். கிடைக்கும் எண்ணில் பாதி எஃகினுடையது.

நானோஇன்டென்டேஷன் தேவை, அதாவது நானோமீட்டர் ஆழமே இறங்கும் குழியால் அளப்பது. ஆழம் தடிமனில் பத்தில் ஒன்றைத் தாண்டக் கூடாது; ஒரு மைக்ரானுக்கு 100 நானோமீட்டர். யங் குணகம் இதற்கும் முன்பே எஃகின் பாதிப்பை உணரும், அதனால் அந்த எண்ணைக் கொஞ்சம் சந்தேகத்தோடே எடுங்கள். தொடங்கும் முன் உருக்கி உறையவைத்த சிலிகாக் கண்ணாடியில் சில குழிகள் போட்டுப் பாருங்கள். யங் குணகம் 72 ஜிகாபாஸ்கலை ஒட்டி வரவில்லை என்றால் முனை தேய்ந்திருக்கிறது. அன்று சாம்பிளைத் தொட வேண்டாம். 20, 25 குழிகளாவது போட்டுச் சராசரி எடுங்கள். 15 முதல் 25 ஜிகாபாஸ்கல் வந்தால் மகிழ்ச்சி. அசெட்டிலீன் படலத்தில் 40 வந்தது என்று யாராவது சொன்னால் முனையின் பரப்புக் கணக்கைத்தான் முதலில் சோதிக்கச் சொல்வேன்.

ராமன் நிறமாலை எடுப்பது எளிது: 1350 செ.மீ⁻¹ பக்கம் ஒரு மேடு, 1550 பக்கம் ஒரு பெரிய மேடு. நிறமாலையின் அடிக்கோடு சரிவாக ஏறினால் ஹைட்ரஜன் நிறைய இருக்கிறது. ஆனால் பச்சை லேசரில் எடுத்த நிறமாலையிலிருந்து எஸ்பி3 இத்தனை விழுக்காடு என்று எழுதிவிடாதீர்கள். அந்த ஒளி எஸ்பி2ஐத்தான் பல பத்து மடங்கு அதிகமாகப் பார்க்கிறது.

உராய்வு

பந்து-வட்டுச் சோதனை (சுழலும் வட்டின் மேல் பந்தை அழுத்தி உராய்வை அளப்பது) செய்யும்போது அறையின் ஈரப்பதத்தையும் எழுதாவிட்டால் அந்த எண்ணுக்கு அர்த்தமே இல்லை. ஹைட்ரஜன் உள்ள படலத்தின் உராய்வுக் குணகம் உலர்ந்த நைட்ரஜனில் 0.01 அளவுக்குக்கூட இறங்கும். அமெரிக்காவின் ஆர்கோன் (Argonne) தேசிய ஆய்வகத்தில் எர்டெமிர் குழுவினர் அதற்கும் கீழே கொண்டுபோனார்கள். அதே வகைப் படலம் ஈரக் காற்றில் 0.1, 0.2 காட்டும். ஹைட்ரஜன் இல்லாத வகை நேர் எதிர்: ஈரத்தில் வழுக்கும், வெற்றிடத்தில் இறுகப் பிடிக்கும். மேற்பரப்பில் கைநீட்டி நிற்கும் பிணைப்புகளை யாராவது மூட வேண்டும். முதலாவதில் அந்த வேலையை ஹைட்ரஜன் செய்கிறது, இரண்டாவதில் காற்றிலுள்ள நீர்.

முதல் சில நூறு சுற்றுகளில் உராய்வு ஏறி இறங்கும், பயப்பட வேண்டாம். பந்தின் மேல் கார்பன் படிந்து ஒரு மெல்லிய தோல் உருவாகிறது, அதற்கப்புறம்தான் நிலைக்கும். சோதனை முடிந்ததும் பந்தைத் துடைத்துவிடாமல் முதலில் மைக்ராஸ்கோப்பில் பாருங்கள். பாதி விடை அதில்தான் ஒட்டியிருக்கும்.

அடுத்த ரன்னுக்கு முன் சேம்பரை முழுக்க பம்ப் செய்து, மிச்சமிருக்கும் அசெட்டிலீன் வெளியேறிய பிறகு, ஆக்சிஜன் பிளாஸ்மா ஓட்டிச் சுவரில் படிந்த கார்பனை எரித்துவிடுங்கள். பம்பில் இருப்பது சாதாரண மினரல் எண்ணெய் என்றால் ஆக்சிஜன் வேண்டாம். அந்த எண்ணெயோடு சேர்ந்தால் ஆபத்து. அப்போது சுவரைக் கையால் தேய்த்தே சுத்தம் செய்யுங்கள். சுவரிலிருந்து உதிரும் ஒரு செதில் வட்டில் விழுந்தால் அங்கே ஊசித்துளை விழும், அடுத்த உரிதல் அங்கிருந்துதான் தொடங்கும்.